கார்டுல மூணு டிக்

வசந்தாமணி: ...அட, கதவ நல்லாத் தொறந்து பேசு பூவாத்தா. நான் என்ன கடிக்கவா போறேன்?

பூவாத்தாள்: தொறந்தா ஐஸ்பொட்டியோட உள்ள வந்துருவீங்க நர்சம்மா.

வசந்தாமணி: இந்தியா பூரா இன்னைக்குப் போலியோ சொட்டுமருந்து ஊத்தறாங்க. உங்க வளவுல பன்னெண்டு புள்ளைக. காலைல இருந்து பால்வாடில ஈயோட்டீட்டு உக்காந்திருக்கேன். ஒண்ணுகூட வருல.

பூவாத்தாள்: வராதுங்க.

வசந்தாமணி: ஏனாம்?

பூவாத்தாள்: உங்களுக்குத் தெரியாதாக்கும்... எங்க மூத்தவ துளசிமணி காலப் பாத்துப்போட்டு யாருங்க வருவாங்க?

வசந்தாமணி: மருந்தால காலு போகாது அம்மணி. மருந்து உள்ள போகாததாலதான்...

பூவாத்தாள்: மூணு வாட்டி ஊத்தியும் போச்சுன்னு எங்கூட்டுக்காரரு டீக்கடைல கார்டக் காட்டிச் சொல்றாரு. மூணு டிக் இருக்குது, எம்புள்ள நொண்டறாளேன்னு.

வசந்தாமணி: நஞ்சுண்டன் சொல்றது கெடக்கட்டும். நீ சொல்லு. அந்தப் புள்ள வாயில மருந்து உழுந்துதா?

பூவாத்தாள்: இருங்க, அடுப்புல பால் வெச்சிருக்கேன்.

வசந்தாமணி: என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

பூவாத்தாள்: மெதுவாப் பேசுங்க, பக்கத்தூட்டுல கேக்கும்... உழுகலீங்க.

வசந்தாமணி: ஒருவாட்டி கூடயா?

பூவாத்தாள்: தொண்ணூத்தொண்ணுல நீங்க தெருவுல வந்தாவே அவளத் தூக்கீட்டுத் தறிக்குடோனுக்குப் பொறகால போயிருவேன். தறிச் சத்தத்துல அழுதாலும் வெளிய கேக்காது.

வசந்தாமணி: ஏன் கண்ணு அப்பிடிப் பண்ணுனே?

பூவாத்தாள்: குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேசனுக்கு ஆள் புடிச்சதும் நீங்கதானுங்க. அதே பை, அதே நோட்டு. இந்த மருந்தும் அதுக்குத்தான், பெரிசானா அதுகளுக்குப் புள்ளையே பொறக்காதுன்னு ஊரே பேசுச்சு. அவரு ஊத்தச் சொன்னாரு... ஊத்தியாச்சுன்னுட்டேன். காச்ச வந்து காலு தொவண்டதுக்கப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?

வசந்தாமணி: இப்பச் சொல்லு. நீ சொன்னா பன்னெண்டும் வரும்.

பூவாத்தாள்: அவரு என்னைய வெட்டிப்போடுவாரு. அதுகூடப் பரவால்லீங்க. துளசி கேட்டா...? நீங்க சொல்லுங்களே. சர்க்கார் ஆளு சொன்னா நம்புவாங்க.

வசந்தாமணி: நானா?

பூவாத்தாள்: இவளுக்கு ஊத்தவே இல்ல, கார்டு தப்புன்னு சொல்லுங்க. அது பால்வாடில இருந்து டிக்கோடதான் ஊட்டுக்கு வந்துது. எப்பிடி வந்துதுன்னு எனக்குத் தெரியாதுங்க.

வசந்தாமணி: ...மணி நாலரையாச்சு. பொட்டிய மூடோணும்.

பூவாத்தாள்: ஏனுங்க, பேச்ச மாத்தறீங்க?

வசந்தாமணி: கிருபாசங்கரத் தூக்கீட்டு வா. உம்பையனுக்காச்சும் ஊத்தறேன்.

பூவாத்தாள்: அவரு வர்றதுக்குள்ள சட்டுனு ஊத்துங்க... வாயத் தொற சாமி... இவ்வளவுதானுங்களா?

வசந்தாமணி: ரெண்டே சொட்டு.

பூவாத்தாள்: இந்த ரெண்டு சொட்டுக்கா ஓடி ஓடி ஒளிஞ்சேன்...

வசந்தாமணி: அழுகாதே. உன்ற புருசன் வந்துருவாரு.

பூவாத்தாள்: நோட்டுல பேரு எழுதிப்போடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா... மத்தப் பதினோரு புள்ளைக?

வசந்தாமணி: வராது. நீயும் வாயத் தொறக்க மாட்டே, நானும் தொறக்க மாட்டேன். மேல இருந்து கணக்குக் கேட்டு நெருக்குனாங்க... அன்னைக்கு துளசிக்கு ஊத்தாமயே மூணு டிக் போட்டவ நாந்தான் பூவாத்தா. இன்னைக்கு ஊத்திப்போட்டு எழுதாமப் போறேன்.