ஓரம் ஒடுங்கிய மஃப்ளர்

மஃப்ளர் நெய்வது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை, பாப்பா. மேசைமேல் வைத்துக்கொள்கிற சின்னத் தறி. நீளவாட்டில் பாவு நூல், குறுக்கே ஊடை நூல், அந்த ஊடையைச் சுற்றி, பாவுக்குள் இப்படியும் அப்படியும் ஓட்டுகிற நாடா என்ற கட்டை. அவ்வளவுதான். இருந்தாலும் எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று. ஆணி அடிக்கச் சொன்னால் சுவரைப் பெயர்க்கிற ஆள் உன் அப்பா.

பழக வேண்டியது நான் இல்லை, உன் அம்மா. பக்கவாதத்தில் அவளுக்கு வலது கை விழுந்த பிறகு, பயிற்சி கொடுக்க வரும் டாக்டரம்மாதான் தறியைக் கொண்டுவந்து வைத்தார். "கை திரும்பி வரணும்னா முதல் சில மாசம்தான் சார். தினமும் நெய்யட்டும். துணியப் பாத்தே கை எப்படி இருக்குன்னு சொல்லிடுவேன்" என்றார். நீ வெளியூரில் வேலையில் இருந்தாய். பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான்.

உன் அம்மா நன்றாக இருந்த காலத்தில் இந்த வீட்டில் நான் செல்லாக்காசு. "இவர நம்பி ஒரு பூனையக்கூட விட்டுட்டுப் போக முடியாது" என்று விருந்தாளிகள் எதிரிலேயே சொல்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அவள் படுத்தபின் ஒரு மதியம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். "நீங்க இல்லன்னா என் கதி என்னங்க ஆகும்?" என்றாள். அதைக் கேட்கத்தான் கல்யாணம் ஆனதிலிருந்து காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சந்தோஷத்தில் போதும் போதும் என்றவளுக்கு மேலும் ஊட்டினேன்.

காலையில் அவள் நெய்வாள். முதலில் கோணல்மாணலாக வந்தது. போகப் போக ஓரம் நேரானது. ஒரு நாள் அவளே தலை சீவிக்கொண்டு வந்து நின்றாள். இனி இந்த வீட்டில் நான் எதற்கு என்று பட்டது.

அன்று மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு அவள் தூங்கியதும், காலையில் நெய்ததைப் பிரித்துவிட்டு என் லட்சணத்தில் நெய்து வைத்தேன். ஊடையை அதிகம் இழுத்தால் துணி இரண்டு ஓரமும் உள்ளே போய் ஒடுங்கிவிடும். அது எனக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்தது.

"காலைல நல்லாத்தானே வந்துச்சு?" என்றாள், எழுந்து பார்த்து.

"உனக்கு அப்படித் தோணியிருக்கும்" என்றேன், மிக அன்பாக.

அப்புறம் தினமும் இதே வேலை. டாக்டரம்மா துணியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "இனிமே என்னால ஆகாதுங்க" என்று உன் அம்மா ஒரு நாள் நாடாவைக் கீழே வைத்தாள். அவளுக்கு எதற்குச் சிரமம் என்று நானும் வற்புறுத்தவில்லை. டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டுமே என்று மதியங்களில் நான் மட்டும் நெய்தேன்.

அங்கேதான் என் புத்தி காலை வாரிவிட்டது. கெடுப்பதற்கென்று நெய்யப் போய் எனக்குக் கை பழகிவிட்டது. ஓரம் ஒடுங்கினால் பார்க்கச் சகிக்கவில்லை. நேராக்கினேன். அழகுக்கு ஒரு நீலப் பட்டையும் சேர்த்தேன். ஆயுளில் முதல்முறையாக ஒரு காரியம் உருப்படியாக வருகிறது, அதைப் போய் எப்படிக் கெடுப்பது?

டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அடேயப்பா, இவ்வளவு தேறிட்டீங்களா? எங்க, என் முன்னாடி ஒரு வரிசை ஓட்டுங்க" என்று நாடாவை உன் அம்மா கையில் கொடுத்தார். விரல் மடங்கவில்லை. நாடா தரையில் விழுந்து உருண்டது.

"பாசத்துல நீங்களே நெய்து வெச்சிட்டீங்களா சார்? பயிற்சி பண்ண வேண்டிய காலம் போயிடுச்சே" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாசம் என்று அவரே சொல்லும்போது மறுப்பானேன். உன் அம்மா நாடாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: ஆமாம். அவள் கை திரும்பி வந்துகொண்டிருந்தது. வரவிடாமல் செய்தவன் நான்தான்.

அவளை உன் ஊருக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறாய். தாராளமாகக் கூட்டிப் போ. ஆனால் குளிர் ஊர், மஃப்ளர் இல்லாமல் ஆகாது. அவளால் தானாகக் கட்டிக்கொள்ளவும் முடியாது. அவள் கழுத்துக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். என் பெட்டியையும் கட்டி வைத்துவிட்டேன்.