வள்ளத்துக்குள் மாத்து வலை

தூத்துக்குடியிலிருந்து புன்னைக்காயல் போகும் பேருந்து. முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். அவன் மடியில், கடையில் பழுதுபார்த்துத் திரும்ப வாங்கிய அவளுடைய லேப்டாப்.

“வலை கிழிஞ்சா போடுற மாத்து வலையை வள்ளத்துலதானக்கா வப்போம்?” என்று அவன் கேட்டதும் நான் காது கொடுத்தேன்.

“ஏலே, கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டை நாலு மாசமா ஸ்கேன் பண்ணினேன். அசலைக் கரையான் தின்னுட்டு. கடையில குடுக்கும் முன்ன எல்லாத்தையும் ஒரே டிஸ்க் இமேஜா, ஒத்தை ஃபைல்ல முழுக் காப்பியா ஆக்கி வைன்னு சொன்னேன்லா?”

“ஆக்கினேன்க்கா. லேப்டாப்புலயே அதுக்கு வசதி இருக்கு.”

“ஆக்கி எங்கல வச்ச?”

“டெஸ்க்டாப்புலதான்.”

“அதே லேப்டாப்புலயா? வள்ளம் முங்கினா மாத்து வலையும் முங்கும்லா, மூதேவி!”

பழையகாயல் வருவதற்குள் “எங்கல வச்ச” என்று ஏழு முறை கேட்டுவிட்டாள்.

“சரி, தொலையுது. இப்பவே திற. பென்டிரைவ்ல ஏத்துவோம்.”

அவன் திறக்கவில்லை.

“டிஸ்க்கைச் சுத்தமா அழிச்சாத்தான் சரியாவும்னு கடையில சொன்னாவக்கா. காப்பி இருக்கான்னு கேட்டாவ.”

“நீ என்னல சொன்ன?”

“இருக்குன்னு சொன்னேன்.”

இறங்கும்வரை அவள் எட்டாவது முறை கேட்கவில்லை.