பூட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை

— ...அதான் தம்பி, மூக்கணாங்கயிறு சேரலன்னதும் மாட்டையே மாத்திடுங்கன்றான். கீழ செங்கம் பக்கம் ஒரு கடையில.

— மாட்டையா?

— இந்தப் பொட்டியத்தான் சொல்றேன். உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு வேற சிஸ்டம் போட்டாத்தான் வைஃபை வருமாம். பொண்ணு ஒத்துக்கல.

— லேப்டாப்புங்களா? குடுங்க பாப்போம்... இன்னாங்க இது, புளி மூட்டைக்குள்ள வெச்சிருக்கீங்க?

— பஸ்ல இடிபடக் கூடாதுல்ல. புளின்னா மெத்துன்னு இருக்கும்.

— கீபோர்டுல ரெண்டு கொட்டை மாட்டிட்டு இருக்குதுங்க.

— அது உனக்குத்தான். வெச்சுக்க.

— கவர்மென்டு குடுத்த லேப்டாப்பு... லினக்ஸ்ல ஓட்றாங்க போல.

— லினக்ஸோ கினக்ஸோ. அது யாருக்கும் சொந்தம் இல்லியாம், எல்லாருக்கும் சொந்தமாம். ஊர்ப் பொதுக் கெணறு மாதிரி. பழைய பொட்டிக்கு அதான் ஆவும்னு புடிச்ச புடியில நிக்குது.

— யாருங்க?

— எங்க ஊருப் பொண்ணு ஒண்ணு. அபிநயான்னு. சந்தைக்குப் போறேன்னதும் கையில குடுத்து அனுப்பிடுச்சு. மத்தபடி எனக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல.

— சரிங்க. உங்க பேரு?

— என் பேரா... முனிசாமி.

— சரிங்க... முனிசாமி ஐயா.

— இன்னாத்துக்குச் சிரிக்கிற?

— ஒண்ணும் இல்லீங்க. புளியங்கொட்டைய நெனச்சேன்.

— நெனச்சது போதும், கேளு. உள்ள இருந்த வைஃபை செத்துப் போச்சு. வெளியில சொருகற டாங்கிள் ஒண்ணு வேணும், இந்த லினக்ஸுக்குச் சேர்றதா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அதுக்கு இன்டர்வியூ. வூட்லருந்தே தமிழ்ல டைப் அடிச்சு அனுப்பற வேலை. பஞ்சாயத்து ஆபீஸ் வைஃபை அவங்க வாசல் வரைக்கும் வருது, பொட்டிக்குள்ளதான் வர மாட்டேன்னுது.

— போன் இருந்தாலாவது சமாளிக்கலாம். அதுதான் கெணத்துல வுழுந்துடுச்சே...

— அது உனக்கு யாரு சொன்னா?

— இல்லீங்க... பொதுவா சொன்னேன். மலையில போனுங்க கெணத்துலதான வுழும்.

— ம்... வேலை கெடைக்கணும் தம்பி. கெடைச்சாத்தான் கல்யாணப் பேச்சையே எடுக்க வுடுவேன்னு நிக்குது அது.

— அப்பிடியா சொல்லுச்சு? கெடைக்கலன்னா?

— இன்னும் ரெண்டு வருசம் போவட்டும்னுது. ஏன், உனக்கு ஏன் மூஞ்சி வெளுக்குது?

— லோ வோல்டேஜுங்க. டியூப் லைட்டு அப்பிடித்தான் காட்டும். நாளைக்குப் பத்து மணிங்களா... சரி. சரி. பாத்துடலாம்.

— இந்தா சீட்டு. இன்னா வாங்கணும்னு எழுதிக் குடுத்துது. இன்னொரு சீட்டும் இருக்குது, கடைக்காரர் கேட்டாக் குடுன்னு...

— இது போதுங்க. "பெட்டி மேல போட்டிருப்பதை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் சிப்பு எது என்று பார்க்கவும். டிரைவர் தனியாகப் போடாமல் தானாக வேலை செய்ய வேண்டும்." தெளிவாத்தான் எழுதியிருக்காங்க.

— சட்டுனு யாரையும் நம்பாது. அவங்க அப்பன் மாதிரி.

— அவங்க அப்பா அப்பிடிங்களா?

— நல்ல மனுசன். ஆனா உசாரு.

— இது பாருங்க, புதுசு. லினக்ஸுக்கும் சேரும்னு அட்டையிலயே போட்டிருக்கான்.

— சொருகு.

— வாங்கினப்புறந்தாங்க பிரிக்கணும்.

— ஏர்ல பூட்டி ரெண்டு சால் ஓட்டிப் பாக்காம நான் மாடு வாங்கினது இல்ல. பல்லப் புடிச்சுப் பாத்தா வயசு தெரியும். ஜோடி சேருமான்னு பூட்டினாத்தான் தெரியும். பூட்டு.

— பூட்றேங்க. மொதல்ல லேப்டாப்ப ஆன் பண்ணிக்கறேன்... ம், உள்ள போயாச்சு.

— இவ்ளோ சீக்கிரமாவா?

— லினக்ஸ் அப்பிடித்தாங்க, சட்டுனு தொறந்துக்கும். இந்தா சொருகிட்டேன். லைட்டு எரியுது பாருங்க.

— லைட்டு எங்க வூட்லயுந்தான் எரியுது. நெட்டு வருதா?

— வரலீங்க. டிரைவர் போடணும் போல.

— டிரைவர் எங்க?

— இந்த சிடியில இருக்குது.

— போடு.

— இந்த லேப்டாப்புல சிடி போடற எடமே இல்லீங்க.

— அப்ப?

— நெட்லருந்து எறக்கிக்கணும்.

— நெட்டு வரலன்னுதான தம்பி இத வாங்கவே வந்தேன்.

— அதாங்க...

— நெட்டு வர்றதுக்கு நெட்டு வேணும். சாவியப் பொட்டிக்குள்ள வெச்சுப் பொட்டியப் பூட்டினானாம் ஒருத்தன். எடு, வேற எடு. ஆமா, நீ எந்த ஊரு?

— கோவிலூருங்க. பேரு பார்த்திபன், போர்டுலயே இருக்குது.

— யாரு வூட்டுப் புள்ள?

— அம்மாக்கண்ணு மவனுங்க. அப்பா இல்ல. நான் எட்டாவது படிக்கறப்பவே போய்ட்டாரு.

— ம்... நெலம்?

— டாங்கிளுக்கு நெலம் எதுக்குங்க?

— சும்மா, பேச்சுத் தொணைக்குக் கேட்டேன்.

— ரெண்டு ஏக்கருங்க. சாமை போடறோம். நாலு பலா நிக்குது.

— குடிப்பியா?

— டீங்களா?

— டீயும் சொல்லு.

— டீ மட்டுந்தாங்க.

— சோறாக்கத் தெரியுமா?

— சாமைச் சோறு பொங்குவேன். கொழம்பு அம்மா. ஏங்க, இதெல்லாம் எந்தச் சீட்டுல எழுதியிருக்குது?

— எழுதாததும் கொஞ்சம் கேக்கணும்ல. நீ வேலையப் பாரு.

— இது பாருங்க. போன மாசம் ஒரு வாத்தியாருக்குக் குடுத்தேன், அவரும் லினக்ஸுதான். சொருகினதும் ஓடிச்சு. அதே பேரு, அதே நம்பரு.

— பூட்டு.

— பூட்டியாச்சு... வரலீங்களே.

— அதே நம்பருன்ன.

— இருங்க, உள்ள எந்த சிப்புன்னு கேட்டுப் பாக்கறேன். ஒரு வரி தட்டினா அதுவே சொல்லிடும்... அடப்பாவி. அட்டையில பொடி எழுத்துல "வெர்ஷன் ரெண்டு"ன்னு போட்டிருக்கான். பேர மாத்தாம உள்ள சிப்ப மாத்திட்டான்.

— பேரு ஒண்ணு, ஆளு வேற.

— ஆளு ஒண்ணு, பேரு வேறன்னும் சில பேரு இருக்காங்க... முனிசாமி ஐயா.

— பேச்ச வுடு. மணி இன்னா?

— ரெண்டே முக்காலுங்க.

— மூணு மணி பஸ்ஸ வுட்டா அப்புறம் எங்க ஊருக்கு நாளைக்குத்தான். ரெண்டு அட்டையப் பிரிச்சிட்ட, உனக்கும் நஷ்டம். அந்த மொதல்ல காட்டினதையே குடு. பொண்ணு எப்பிடியாவது ஓட்டிக்கும்.

— குடுக்க மாட்டேங்க.

— விக்கறதுக்குத்தான கடை?

— வித்துட்டா நாளைக்குப் பத்து மணிக்கு அது அங்க பொட்டியப் பாத்து அழுதுட்டு உக்காந்திருக்கும். சேராதத சேரும்னு சொல்லி என்னால குடுக்க முடியாதுங்க. அதுக்கு வேலை கெடைக்கணும்.

— உனக்கு இன்னாத்துக்கு அவ்ளோ அக்கறை?

— வாடிக்கைங்க... வாடிக்கைன்னா அக்கறை இருக்காதா.

— இன்னிக்குத்தான மொத தடவை வர்றேன்.

— ...கொஞ்சம் தள்ளிக்குங்க.

— எங்க குனியற? உன் கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கைய வுட்டு இன்னா பண்ற?

— கழட்றேங்க. இது என்னோட டாங்கிளு. பழசு, ஒரு பக்கம் டேப்பு சுத்தியிருக்கும். ஆனா நானும் லினக்ஸுதான், மூணு வருசமா இதுலதான் ஓடுது. டிரைவரும் வேணாம், சிடியும் வேணாம்.

— உன் கடைப் பொழப்பு?

— வேலூர்லருந்து வேற வர்ற வரைக்கும் போன் நெட்ட வெச்சு ஓட்டிக்கறேன். இந்தாங்க, சொருகிட்டேன்.

— லைட்டே எரியல.

— லைட்டு எப்பவோ போச்சுங்க. நெட்டு வந்துடுச்சு. எதுனா கேளுங்க.

— நாளைக்கு மழை வருமான்னு கேளு.

— வராதாம்.

— பொய் சொல்லுது. மேக்க இருட்டிக்கிட்டு நிக்குது பாரு. ஆனா நெட்டு வருது, ஒத்துக்கறேன். எவ்ளோ?

— வேணாங்க. பழசுதான.

— ஓசியில வாங்கிப் பழக்கம் இல்ல. அந்தப் புளிய எடுத்துக்க, அம்மா கொழம்புக்கு ஆவும்.

— சரிங்க மாமா.

— இன்னான்ன?

— ...ஐயான்னேன்.

— மாமான்ன.

— ...ஆமாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. லேப்டாப்பத் தொறந்ததும் மொதப் படமே நீங்கதான். பட்டம் வாங்கின பொண்ணு பக்கத்துல, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வெறப்பா நின்னுட்டு இருக்கீங்க. அப்பாதான்னு பாத்ததுமே புரிஞ்சுது. அதான் வாயில வந்துடுச்சு.

— அப்ப நானும் மறைக்கல. என் பேரு மாதையன். அபிநயா என் பொண்ணு. எங்க அன்பரசி, என் தங்கச்சி, அதான் சொல்லிச்சு. ஜமுனாமரத்தூர் கடைத் தெருவுல ஒரு பையன் இருக்கான், நல்லவனாத் தெரியறான், போய்ப் பாருன்னு. நாலு பேர விசாரிச்சா நாலு விதமா சொல்லுவாங்க. நேரா வந்து பூட்டிப் பாத்துடலாம்னு வந்துட்டேன்.

— எதைங்க, டாங்கிளயா?

— ரெண்டையுந்தான்.

— எனக்கு... எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. உங்க பொண்ணு யாரு, எப்பிடி இருக்கும், எதுவும் தெரியாது. சத்தியமா பேரே இன்னிக்குத்தான் கேள்விப்படறேன்.

— அப்பிடியா... சரி. இந்தா, நீ வாங்காத அந்த ரெண்டாவது சீட்டு. பிரிச்சுப் படி.

— பஸ்ஸு வந்துடுமுங்க, அப்புறம் படிச்சிக்கறேன்.

— வந்தா நிப்பான். படி. சத்தமா.

— "லேப்டாப்... பாஸ்வேர்டு..."

— இது இல்லாம பொட்டி தொறக்காதுப்பா, கடைக்காரர் கண்டிப்பா கேப்பாருன்னு சொல்லித்தான் என் பொண்ணு மடியில முடிஞ்சு அனுப்பிச்சுது. நானும் வந்ததுலருந்து எப்ப கேப்ப, எப்ப கேப்பன்னு மடியப் புடிச்சிட்டே உக்காந்திருக்கேன்... நீ கேக்கவே இல்லியே, மாப்ள.