நட்டைப் பிடிக்க ஓர் ஆள்

கிரேசி: ...நீங்க "எறங்கு கீழ"ன்னிய. நான் "சோத்துச் சட்டிய வச்சிட்டு எறங்கிருதேன்"ன்னேன். "சட்டியக் கரையில வை, கால எடு"ன்னிய. அம்புட்டுதான் பேச்சு.

ரோமால்ட்: அத ஏன் இப்ப எடுக்க? நான் கேட்டது நாலு போல்ட்டு.

கிரேசி: போல்ட்டத்தான் எடுக்கேன். பேச்சும் கூட வருது.

ரோமால்ட்: இருபத்தாறு வருசம் ஆச்சு, கிரேசி.

கிரேசி: ஆச்சு. நான் குத்தம் சொல்லல. நேத்து உங்க கூட வேல பாக்குத பொன்னுதுரை கேட்டாரு, "மைனி, ஆறு மாசமா இந்தப் போட்ட ரிப்பேர் பாக்குத அண்ணனுக்குச் சாமான் எடுத்துக் குடுக்கிய, ஏணியிலயே நிக்கிய, ஒரு நாளு போட்டுக்குள்ள கால் வச்சதில்லையே"ன்னு. அவருக்குச் சொன்னதத்தான் உங்களுக்கும் சொல்லுதேன். இந்தாங்க போல்ட்டு.

ரோமால்ட்: அவன்ட்ட என்னவெல்லாம் சொன்ன?

கிரேசி: உள்ளதச் சொன்னேன். கல்யாணம் ஆகி நாப்பதாம் நாளு. திரேஸ்புரம் கரையில உங்க அப்பா வள்ளத்துல ஒரு கால்தான் வச்சேன். ஏழெட்டுப் பேரு நின்னாங்க. "பொம்பள மிதிச்ச வள்ளத்துல மீன் ஏறாது"ன்னிய. நான் எறங்குனதும் மிதிச்ச எடத்த மூணு தடவ கழுவுனிய.

ரோமால்ட்: கழுவுனது அப்பா.

கிரேசி: தண்ணி மோந்து குடுத்தது? சரி, விடுங்க. தண்ணி கசியாம அடைக்குத சீலண்ட் டியூப்பப் பிதுக்கிட்டிய. அரை மணி நேரத்துல இறுகிரும்னு அதுலயே போட்டிருக்கு. வேலையப் பாருங்க.

ரோமால்ட்: பாக்கத்தான் செய்யுதேன்... ஆனா ஒண்ணு சொல்லுதேன். இது மீன் பிடிக்கிற வள்ளமில்ல. யாரோ வெள்ளக்காரன் வித்துட்டுப் போன பழைய பாய்ப்போட்டு. இருபத்திரண்டு அடி. இதுல ஒரு நெத்திலி கூட ஏறப் போறதில்ல.

கிரேசி: நான் ஏறாததப் பத்தித்தான பேச்சு. நெத்திலியப் பத்தியா?

ரோமால்ட்: உன்ட்ட பேசி ஜெயிக்க முடியுமா?

கிரேசி: ஓட்டயப் பாத்துப் போல்ட்ட எறக்குங்க. உள்ள ஈரம் இல்லையே?

ரோமால்ட்: இல்ல. நீ சொன்ன மாதிரியே பழைய ஓட்டயப் பெருசாக் கொடஞ்சு, எப்பாக்ஸி பசை ஊத்தி, காஞ்ச பொறவு திரும்ப ஓட்ட போட்டாச்சு.

கிரேசி: முன்ன இத வச்சிருந்தவன் வெறும் மரையாணிய முடுக்கி விட்டிருக்கான். அடியில ஒரு தகடு கெடையாது. பலகை தண்ணியில போட்ட பன்னு மாதிரி ஊறிக் கெடந்துச்சு. நீங்க அதுக்கு மேலயே புதுசா முடுக்கப் பாத்திய.

ரோமால்ட்: துறைமுகத்துல கப்பல இழுக்குத டக் போட்டுல இருபது வருசம் வேல பாத்தவன் நான்.

கிரேசி: அதான் அங்கன கெடந்த கிரேன் வயரக் கொண்டாந்து இந்தப் பாய்மரத்துக்குக் கட்டுனிய. அது வளையுத வயரு, இழுவை விழுந்தா நீளும், மரம் சாயும்னு தலையால அடிச்சேன்.

ரோமால்ட்: போனுல வீடியோ பாத்துட்டுச் சொன்ன.

கிரேசி: வீடியோ பாத்துட்டுத்தான் சொன்னேன். சாஞ்சுதா, இல்லையா?

ரோமால்ட்: கொஞ்சம்...

கிரேசி: கோயில் கோபுரத்தோட சேத்து வச்சுப் பாத்தேன். ஒரு சாண்.

ரோமால்ட்: அதான் அதக் கழத்திட்டு, வளையாத வயரா கொச்சிலருந்து வரவழச்சாச்சே. அது மாட்டுததுக்குத்தான் இந்தத் தகடு... ஏளா, போல்ட்டு கூடவே சுத்துது.

கிரேசி: சுத்தத்தான் செய்யும். மேல நீங்க திருப்புதிய. கீழ கேபினுக்குள்ள நட்டப் பிடிக்க ஆள் வேண்டாமா? பொன்னுதுரை எங்க?

ரோமால்ட்: காய்ச்சல்னான்.

கிரேசி: எப்ப சொன்னாரு?

ரோமால்ட்: காலையில போன் பண்ணுனான்.

கிரேசி: ம்.

ரோமால்ட்: என்ன ம்?

கிரேசி: ஒண்ணுமில்ல. கிரிப் பிளேயரப் போட்டு நட்டக் கவ்வ வச்சிட்டு வந்து திருப்பிப் பாருங்களேன்.

ரோமால்ட்: அதுவும் சரிதான். எறங்குதேன், இரு... மாட்டியாச்சு. டேப்பும் சுத்தியாச்சு... இப்ப மேல வந்துட்டேன். திருப்புதேன் பாரு...

கிரேசி: விழுந்துருச்சு.

ரோமால்ட்: எனக்கும் காது இருக்கு.

கிரேசி: இன்னொரு தடவ மாட்டுங்க.

ரோமால்ட்: முட்டி வலிக்கு, கிரேசி. அந்தக் கேபினுக்குள்ள குனிஞ்சே எறங்கணும், குனிஞ்சே ஏறணும்... மாட்டியாச்சு. திருப்புதேன்... சே.

கிரேசி: சீலண்டுக்கு இன்னும் இருபது நிமிசம் இருக்கு. கேட்டுல வாட்ச்மேன் மகாராஜா நிக்காரு. கூப்பிடவா?

ரோமால்ட்: அவன் வயித்துக்கு இந்தக் கேபின் வாசல்ல நொழஞ்சா பொறவு வாசலத்தான் வெட்டணும்.

கிரேசி: பக்கத்துப் போட்டுல பெயிண்ட் அடிச்சாரே, அவரு?

ரோமால்ட்: சாப்பிடப் போயிட்டான்.

கிரேசி: மணி பத்தரை.

ரோமால்ட்: டீ குடிக்கப் போயிருப்பான். எனக்கென்ன தெரியும்.

கிரேசி: நாளைக்கு இந்தப் போட்டத் தண்ணியில எறக்க கிரேன் வருது. இந்த நாலு போல்ட்டு நிக்கலன்னா வயரு நிக்காது. வயரு நிக்கலன்னா மரம் நிக்காது. இத விட்டா கச்சான் காத்து எழும்பிரும், மூணு மாசத்துக்கு எறக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னிய.

ரோமால்ட்: சொன்னேன்.

கிரேசி: அப்ப பொன்னுதுரைக்கு ஒரு போன் போட்டுப் பாக்கவா? மாத்திரையப் போட்டுட்டு வந்துட்டுப் போகட்டும்.

ரோமால்ட்: வேண்டாம். படுத்திருப்பான், பாவம்.

கிரேசி: எட்டு மணிக்கே போட்டுட்டேன். முத்தையாபுரம் பஸ்ஸுல இருந்தாரு. மச்சான் வீட்டுல கறி எடுத்திருக்காங்களாம், சாப்பிடப் போறாராம். காய்ச்சல் தேவலையான்னு கேட்டேன். "எனக்கென்ன காய்ச்சல், அண்ணன்தான் இன்னைக்கு நீ வரவே கூடாதுன்னு நேத்து ரெண்டு தடவ சொல்லி அனுப்புனாரு, நீங்க என்னமும் சண்டையா"ன்னாரு.

ரோமால்ட்: தெரிஞ்சிட்டேதான் கிரிப் பிளேயர மாட்டச் சொன்னியா?

கிரேசி: எத்தன தடவ விழுதுன்னு பாத்தேன்.

ரோமால்ட்: ஆமா, நான்தான் வராதன்னேன். அவன் இருந்தா நீ ஏணியிலயே நிப்ப.

கிரேசி: அவரு இல்லன்னா?

ரோமால்ட்: வேற வழியில்லாம ஏறுவன்னு நெனச்சேன்.

கிரேசி: வேற வழியில்லாம.

ரோமால்ட்: வார்த்த சரியா வரல.

கிரேசி: வரும். பதினஞ்சு நிமிசம் இருக்கு.

ரோமால்ட்: எனக்கு அன்னைக்கே தெரியும், கிரேசி. சொல்லி வாய மூடுததுக்குள்ள தெரிஞ்சுட்டு. அப்பா நிக்காரு, ஆளுங்க நிக்காங்க, புது மாப்பிள வாயத் தொறக்காம இருந்தா சிரிப்பாங்கன்னு சொன்னது. பொறவு ஒவ்வொரு பண்டிகைக்கும் வள்ளத்துல மத்தவன்லாம் பொண்டாட்டி பிள்ளைகள ஏத்துனான். நீ மட்டும் கரையில நின்ன. அப்பல்லாம் சொல்லணும்னு இருக்கும். என்னமும் ஒரு சாக்கு கெடைக்கட்டும்னு இருந்துட்டேன்.

கிரேசி: இருபத்தாறு வருசத்துல கெடச்ச சாக்கு இந்த நட்டா?

ரோமால்ட்: இதாவது கெடச்சுதே. நான் சொன்னது தப்பு. ஏறி வா. கையக் குடு.

கிரேசி: இருங்க. ஏறி?

ரோமால்ட்: உள்ள எறங்கி நட்டப் பிடி. நான் மேலருந்து இறுக்குதேன்.

கிரேசி: இறுக்குன பொறவு?

ரோமால்ட்: பொறவென்ன... எறங்கி வீட்டுக்குப் போ. சமைக்கணும்ல.

கிரேசி: நாளைக்கு இதுல யாரு போறிய?

ரோமால்ட்: நானும் பொன்னுதுரையும். பாய் ஏத்தி எறக்க ரெண்டு பேரு வேணும்லா.

கிரேசி: எந்தக் கயித்த இழுத்தா எந்தப் பாய் ஏறும்னு பொன்னுதுரை உங்கள்ட்ட எத்தன தடவ கேட்டாரு?

ரோமால்ட்: தெனமும் கேப்பான்.

கிரேசி: அவருக்குப் பதில் சொன்னது யாரு?

ரோமால்ட்: ...நீதான்.

கிரேசி: எதுக்கு வீடியோ பாத்தேன்னு நெனச்சிய? உங்க போட்டுக்கு ஓசி மெக்கானிக்கா வரதுக்கா?

ரோமால்ட்: இன்னும் கோவம் போகலன்னு நெனச்சேன். அதான் ஏணிய விட்டு நகராம நிக்கன்னு...

கிரேசி: கோவம் அந்த வருசத்தோட போச்சு. நீங்க அப்படி நெனச்சிட்டிருந்தது எனக்குத் தோதா இருந்துச்சு, நானும் விட்டுட்டேன். ஏறிட்டா பொறவு எறங்க மனசு வராது, அதுக்குப் பயந்துதான் ஏணியில நின்னேன்.

ரோமால்ட்: இப்ப என்ன செய்யணும்னு சொல்லுத? சீலண்டு இறுகுது, கிரேசி.

கிரேசி: நட்டப் பிடிச்சுட்டு எறங்கிப் போறதுக்குன்னா மகாராஜாவக் கூப்பிடுங்க, வாசல வெட்டிக்கிடலாம். நான் உங்கள்ட்ட இதுவர ஒண்ணு கேட்டதில்ல, இப்ப கேக்கேன். முயல்தீவு தாண்டி, திரும்பிப் பாத்தா ஊரு ஒரு கோடாத் தெரியுத தூரத்துக்கு, நாளைக்கு என்னயக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போங்க.