சாமிக்கு வாங்கிய டம்ளர்

தேநீருக்கு நான் சீனி கூடுதலாகப் போடுகிறவன், ஐயா. அதற்காக வீட்டில் தினமும் திட்டு வாங்குகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். அட்டன் நகரத்தில் ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிற அறுபத்திரண்டு பேரை வாராவாரம் சந்தித்து, சிறுநீரில் பரிசோதனைப் பட்டி வைத்துப் பார்த்து, யார் விட்டார், யார் திரும்பத் தொட்டார் என்று எழுதுவேன். பட்டியில் இரண்டு கோடு வந்தால் சுத்தம். ஒற்றைக் கோடு என்றால் பாவித்திருக்கிறார். எட்டு வருடமாக என் கணிப்பு பிழையானதில்லை.

கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு பாதிப் பேர் நிறுத்துவார்கள். தை மாதம் மாலையைக் கழற்றியதும் பழையபடி தொடங்குவார்கள். அதனால் ஆட்டோ ஓட்டும் வினோஜன் கறுப்பு வேட்டியோடு வந்து, "இனிமே தொடவே மாட்டேங்க அண்ணே" என்றபோது நான் நம்பவில்லை. அவன் மனைவி பிரியந்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நோர்வூட்டில் அப்பாவின் தோட்டத்து லய வீட்டுக்குப் போயிருந்தாள். ஆறு வாரம் தொடர்ந்து சுத்தம் என்று நான் சொன்னால் திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தாள்.

ஐந்து வாரம் இரண்டு கோடு வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆட்டோ தரிப்பிடத்தில் அவன் யாரோடு பேசுகிறான் என்று எதிர்க்கடையிலிருந்து பார்த்தேன். ஆட்டோ சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். விபூதிப் பையைக்கூட முகர்ந்தேன். ஒன்றும் சிக்கவில்லை. அவ்வளவு கவனமாக மறைக்கிறவனை நான் அதுவரை கண்டதில்லை.

எங்கேயோ பாவிக்கிறான், பட்டிதான் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தேன். பட்டிக்குக் கொஞ்சம் உதவ வேண்டியிருந்தது.

ஆறாவது பரிசோதனைக்கு முந்தின நாள் அவனை அலுவலகத்துக்கு அழைத்தேன். விரதக்காரன், வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். அவனுக்கென்றே பஜாரில் புது டம்ளர் வாங்கி, அவன் கண்முன்னால் மஞ்சள் தண்ணீரில் கழுவினேன்.

"சாமி, ஒரு வாய் தேத்தண்ணி."

"சாமின்னு கூப்பிட்டுக் குடுக்கிறத வேணாங்கக் கூடாதுங்களே" என்று சிரித்தபடி வாங்கினான். ஒரு மிடறு குடித்ததும் முகம் சுளித்தான். "இம்புட்டு சீனி போட்டும் கசக்குதுங்க."

"சாயம் கூடிப்போச்சு சாமி" என்றேன்.

இன்னொருவன் என்னிடம் ஒப்படைத்திருந்த ஐஸ் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் அதில் கலந்திருந்தேன்.

மறுநாள் ஒற்றைக் கோடு வந்தது. "மாலை மேல சத்தியமாத் தொடலீங்க அண்ணே" என்று மூன்று முறை சொன்னான். பிரியந்திக்கு நானே போன் செய்தேன். "அப்ப சரிங்கண்ணே, நான் வரல" என்றாள்.

அடுத்த நாள் அவன் மாலை காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் ஒரு கல்லின்மேல் இருந்தது. அவனை எடுக்க இரண்டு நாள் ஆனது.

கலந்தது நான்தான். வாக்குமூலத்தில் எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. உண்மையிலேயே விட்டவன் என்றால் அந்தக் கசப்பு நாக்கில் பட்டதுமே துப்பியிருப்பான். அவன் கடைசிச் சொட்டு வரை குடித்தான்.