உர வண்டி ஏறாத மேடு

என்னைப் பேச அழைத்துவிட்டு, வாய் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கும் பேரன்புமிக்க தலைவர் அவர்களே! ஆடு வளர்த்துத் தலை நரைத்தும், என்னைக் கேலி செய்வதில் மட்டும் இளமை குன்றாத பெரியோர்களே! கணவன்மார் மறைத்ததைக் கண் அசைவிலேயே கண்டுபிடிக்கும் தாய்மார்களே! முதல் வரிசையில் கைகட்டி அமர்ந்து, என் மானம் எந்த நிமிடம் பறக்கும் என்று காத்திருக்கும் என் மனைவியின் அண்ணனும் பக்கத்து நிலத்துக்காரருமான மச்சான் அவர்களே! அனைவருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

மேய்ச்சல் நிலத்துக்குப் பாஸ்பேட் உரம் போடுவதைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஏன் என்னை? அறிவாளி என்பதாலா? பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ‘இல்லை’ என்கிறது. ஐயா, கொஞ்சம் யோசிப்பதுபோல் நடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம்!

நம் ஆடு வளர்ப்போர் சங்கத்திலேயே அதிக உரம் கொட்டியவன் நான். இருபத்திரண்டு ஆண்டுகள்! மச்சான் ஒரு மூட்டை போட்டால் நான் ஒன்றரை. அவர் ஒன்றரை போட்டால் நான் இரண்டு. மண் கேட்டதா? இல்லை. புல் கேட்டதா? இல்லை. ஆடு கேட்டதா? அது பாவம், தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. கேட்டதெல்லாம் என் வயிற்றெரிச்சல்!

அப்படியிருக்க, ஒருநாள் என் மகள் வந்தாள். கையில் விதைப் பொட்டலம். “அப்பா, மேய்ச்சல் நிலத்துல ஒரு துண்டு குடுங்க. கீரை போட்டு விக்கப்போறேன்.”

“இருக்கிறதுலயே நல்ல இடமா எடுத்துக்கோம்மா” என்றேன், பேரரசன் மாதிரி.

குறுக்கே வந்தாள் என் கொழுந்தியா. மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அக்காள் கணவன் என்று ஒரு சலுகையும் காட்டாதவள். “அத்தான், அந்த உரத்தோட காட்மியம்னு ஒரு உலோகமும் கொஞ்சூண்டு வரும். வந்தா போகாது, மேல்மண்ணுலயே தங்கிடும். மேயுற ஆட்டோட சிறுநீரகத்துல வருஷா வருஷம் சேரும். கீரையோ, உறிஞ்சி இலையிலயே வெச்சுக்கும். மொதல்ல மண்ணு குடுங்க.”

குறுக்கும் நெடுக்கும் நடந்து, இருபது இடத்தில் எடுத்து, ஒன்றாகக் கலக்க வேண்டுமாம். எழுதியே கொடுத்தாள். நான் செய்தது என்ன? பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தலைவாரிப் பவுடர் பூசுவதுபோல, நிலத்திலேயே பச்சைப் பசேலென்று பளபளத்துப் படர்ந்த ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். வேலி கேட்டின் ஓரம்! அங்கேயே ஒரு பை நிறைய அள்ளினேன். தோற்குமா என் மண்?

தோற்கவில்லை, பெருமக்களே. காட்மியம் அளவு எகிறியது! கொழுந்தியா போனில் கேட்டாள்: “அத்தான், எதையாவது பொதைச்சு வெச்ச இடமா இது?”

என் மகள் விதைப் பொட்டலத்தை அலமாரியில் வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினாள். அவள் அதை அறைந்து சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் மனைவிதான் துப்புத் துலக்கினாள். “கேட் ஓரமாவா எடுத்தீங்க? அங்கதானே வருஷா வருஷம் மூட்டையைப் பிரிச்சு வண்டில கொட்டுவீங்க? பாதி கீழதானே சிந்தும்! புல்லு பச்சையா இல்லாம வேற எப்படி இருக்கும்?”

சிரியுங்கள் தாய்மார்களே, தாராளமாகச் சிரியுங்கள்! மச்சான், நீங்கள் கொஞ்சம் அளவோடு.

மறுநாள் கொழுந்தியாவே வந்து, என்னைக் கையில் வாளியோடு நடக்கவைத்து, முறையாக எடுத்தாள். கோடியில் இருக்கும் கல்மேட்டில் தனியாக ஒரு பை. முடிவு வந்தது. நிலத்தில் ஆடு மேயலாம்; கீரை வேண்டாம். சில ஆண்டுகளுக்கு உரமும் வேண்டாம், போட்டதே மிச்சம் கிடக்கிறது. ஆனால் கல்மேடு? சுத்தம்! சுத்தமோ சுத்தம்!

ஏன் தெரியுமா? அந்த மேட்டில் உர வண்டி ஏறாது. “கையாலயாவது தூவுங்களேன்” என்று ஒவ்வோர் ஆண்டும் மனைவி சொன்னாள். “நாளைக்கு” என்று ஒவ்வோர் ஆண்டும் நான் சொன்னேன். இருபத்திரண்டு நாளைக்கு! நான் வியர்வை சிந்திய இடத்தில் கீரை முளைக்க வழியில்லை. நான் சோம்பிக் கிடந்த இடமோ என் மகளைக் காப்பாற்றியது! அலமாரி திறந்தது. இப்போது அங்கே கல் பொறுக்குவது யார்? முதுகைப் பிடித்தபடி உங்கள் முன் நிற்கும் இந்தப் பேச்சாளர்தான்!

உரம் நமக்குப் பகையா? அல்ல. தேவைக்கு மேல் ஒரு பிடி, வீம்புக்கு ஒரு பிடி, பக்கத்து நிலத்தைப் பார்த்து ஒரு பிடி, அதுதான் பகை! ஆகவே தீர்மானம் இதுதான்: மண்ணைச் சோதிக்காமல் இனி மூட்டையைப் பிரிப்பதில்லை. ஏற்போர் கை தூக்குங்கள்!

ஆகா, மச்சான் தூக்கிவிட்டார்! ஒரு கைதானே? இதோ, நான் இரண்டு!

மேசையில் இருக்கும் கீரைக்கட்டு கல்மேட்டின் முதல் அறுப்பு. தலைவர் கடிகாரத்தை விட்டுவிட்டு அதையே பார்ப்பதால், அவர் கை நீளும் முன் முடித்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொண்ட காதுகளுக்கு நன்றி. தூக்கிய கைகளுக்கு வணக்கம்!