கேழ்வரகு நிறத்துக் குட்டிகள்

செல்வி: இரு மாமா! மொதல்ல கைய அந்த வைக்கோல்ல தேச்சிக்கோ. மனுச வாசன பட்டா தாயி குட்டிய ஒதுக்கிடும்.

வேதகிரி: மொசலுப் பண்ண வெச்சவனுக்கே பாடமா? ... பயமா கீது செல்வி. குட்டிப் பொட்டிய நீயே தெற.

செல்வி: கட்டின பொண்டாட்டிகிட்ட இன்னா பயம்?

வேதகிரி: இந்த ஈத்தும் கலப்பு நெறமா பூட்ச்சின்னா கொட்டாய பிரிச்சிட்டு ஒரகடம் கம்பெனிக்கு போவ வேண்டியதுதான். வெயில் தாங்கற மேரி, பெருசா, எல்லாம் கேவுரு நெறத்துல ஒரு ரகம் வரணும்னு எத்தினி வருசம்! ஒண்ணு வெள்ள, ஒண்ணு கருப்பு. பெருசா வளந்தா வெயில் தாங்கல. வெயில் தாங்கினா எலிக்குட்டி மேரி கீது.

செல்வி: கூடப் பொறந்ததோட சேத்து வுட்டா பல்லு கோண...

வேதகிரி: சொந்தத்துல கட்டினா அப்டித்தான்.

செல்வி: நீயும் எங்கம்மா கூடப் பொறந்தவந்தான?

வேதகிரி: அதான் தெனம் உம் பல்ல பாக்கறனே.

செல்வி: ஐய! ... மூடிய தூக்கட்டா?

வேதகிரி: நீ முன்னாடியே பாத்திருப்ப.

செல்வி: இல்ல மாமா. உசுரோட கீதான்னு கைய வுட்டு தடவிப் பாத்ததோட சரி. முடி மொளச்சி நெறம் தெரியட்டும், ஒண்ணா பாக்கலாம்னு இருந்தேன்.

வேதகிரி: தூக்கு... எம்மாம் முடி! தன் நெஞ்சு முடியவே பிச்சி மெத்த போட்டுக்கீது.

செல்வி: ஒதுக்கறேன்... இது கேவுரு நெறம்.

வேதகிரி: பக்கத்துல?

செல்வி: கேவுரு.

வேதகிரி: அடியில?

செல்வி: எல்லாமே மாமா!

வேதகிரி: ஒரு வெள்ள கூட இல்ல. அக்னி நட்சத்திர வெயில்ல, ஃபேன் கூட இல்லாம... வயித்த பாரு, பால் குடிச்சி உப்பிக்கினு கீது. கும்பிடணும் போல கீது செல்வி.

செல்வி: நம்ம கையால ஒரு புது ரகம்...

வேதகிரி: நாம சேத்து வுட்டோம், அவ்ளோதான். அதோட வயித்துக்குள்ள இந்த நெறத்த கலக்கினது யாரு?

செல்வி: மாமா... ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

வேதகிரி: சொல்லு.

செல்வி: இதுங்களோட தாயி நீ நெனக்கிற பொட்ட இல்ல. போன ஈத்துல குட்டிய தின்னுச்சே, அது.

வேதகிரி: மேல சொல்லு.

செல்வி: குட்டி தின்னத வெச்சிக்கக் கூடாது, கறிக்கடைக்கு குட்துட்டு வான்னு அனுப்பின. பங்குனி வெயில்ல மத்ததெல்லாம் சுருண்டு கெடக்கும்போது இது மட்டும் புல்லு கடிச்சிக்கினு நின்னுச்சி மாமா. மனசு வரல. இதோட அக்காவ கடைக்கு குட்துட்டு, இத்த அக்கா கூண்டுல வுட்டுட்டேன். ரெண்டும் ஒரே சாடதான, உனக்கு தெரியாதுன்னு...

வேதகிரி: தெனம் தீனி வெக்கிறவனுக்கா தெரியாது? சட்டம் போட்டது நானு, நானே எப்டி மீறுறது? நீ குடுக்க மாட்டன்னு நம்பித்தான் செல்வி, அத்த உன் கையில குட்து அனுப்பினேன்.